மழைச் செய்திக்கு விலை வைக்கலாமா?

திருவாரூர் மாவட்டத்தில் தை மாதம் சம்பா அறுவடைக் காலம். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போது இரண்டு நாள் மழை பிடித்தால் போதும். பயிர் படுத்துவிடும், நெல் வயலிலேயே முளைத்துவிடும். மழை வருவது முன்னதாகத் தெரிந்தால் முற்றியதை அறுத்துக்கொள்ளலாம். வடிகாலைத் திறந்து வைக்கலாம்.

1875-இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை இச்செய்தியை இலவசமாகவே தருகிறது. வட்டார அளவில் உழவர்களுக்கு ஆலோசனை கூற, 2018-க்குப் பின் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட அலகுகள் அமைக்கப்பட்டன. 2024-இல் அவை மூடப்பட்டன. இப்பணியில் தனியாரை ஈடுபடுத்தலாம், கட்டணம் பெறலாம் என்ற யோசனை இதன் பின்னணியில் இருந்ததாக நாளேடுகள் எழுதின.

"அரசே இலவசமாகக் கொடுத்தால் தனியார் எப்படித் தொழில் நடத்துவது?" என்று சிலர் கேட்கின்றனர். இது புதிய கேள்வி அன்று. தனியார் தரக்கூடிய வானிலைச் சேவைகளை அரசு தரக்கூடாது என்னும் மசோதா ஒன்று அமெரிக்க செனட் சபையில் 2005-இல் கொண்டுவரப்பட்டது, நிறைவேறவில்லை. தனியார் கணிப்புக்கும் அடிப்படை எது? பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் செயற்கைக் கோள்களும், காரைக்காலில் உள்ளது போன்ற ராடார்களும் தரும் விவரங்களே. மக்கள் ஒருமுறை பணம் கொடுத்துப் பெற்றதை, மறுமுறையும் விலை கொடுத்து வாங்கச் சொல்வது நியாயமா?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திருவாரூர்ப் பகுதி காவிரியின் கடைமடை, நிலம் தட்டையானது. ஒருவர் வயலில் வடித்த நீர் அடுத்தவர் வயல் வழியே செல்லும். ஊரே சேர்ந்து வாய்க்காலைத் திறந்தால்தான் நீர் வடியும். அறுவடை இயந்திரங்களும் ஊருக்குச் சிலவே. பணம் கட்டியவருக்கு மட்டும் மழைச் செய்தி தெரிந்தால், இயந்திரம் முதலில் அவர் வயலுக்குப் போகும். சிறு உழவரின் கதிர் மழையில் நிற்கும். ஒருவர் அறிந்ததால் செய்தி குறைந்துவிடுவதில்லை. பலர் அறிந்தால் அதன் பயன் பெருகுகிறது.

அரசுச் சேவையில் குறையில்லையா? உண்டு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே அறிவிப்பு என்றால், முத்துப்பேட்டையில் கொட்டும் மழை குடவாசலில் தூறாமலும் போகலாம். இக்குறையைப் போக்கவல்லவா வட்டார ஆலோசனை வந்தது? அதையே நிறுத்தியது, நோய்க்கு மருந்தை நிறுத்தியது போலாகும்.

தனியார் வரட்டும், காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் தனிக் கணிப்புகளை விற்கட்டும். ஆனால் நாளை மழையா என்று உழவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் கடமை அரசினுடையது. அந்த விடை வட்டாரம்தோறும், தமிழில், இலவசமாகக் கிடைக்க வேண்டும்.