நந்திதுர்க் கொட்டகைக்கு ஒரு டன் லேத்து

பழைய லேத்து விற்பவர் முதல் வேலையாக சுவிட்சைப் போட்டுக் காட்டுவார். மோட்டார் உறுமும், பெல்ட் ஓடும், ஸ்பிண்டில் பளபளக்கும். பார்க்கப் போனவர் அங்கேயே பாதி விழுந்துவிடுவார். பிறகு பேரம் பேசுவதெல்லாம் வெறும் சடங்கு.

அனுபவம் உள்ளவர் சுவிட்சை அணைக்கச் சொல்வார். பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலை இரண்டு விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் கைக்குத் தட்டினால் பேரிங் போய்விட்டது. அது பால் பேரிங்காக இருந்தால் பெரிய கவலை இல்லை, கடையில் கிடைக்கும். கன்மெட்டல் புஷ்ஷோ, ஈயம்போல் வெளுத்த வெண் உலோகமோ வைத்த பழைய ஹெட்ஸ்டாக் என்றால் கதை வேறு. இரண்டடி இரும்புப் பைப் ஒன்றை ஸ்பிண்டில் மூக்கில் கொடுத்து மேலும் கீழும் நெம்பி, டயல் கேஜ் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் புதிதாகக் கடைந்து போடலாம். ஸ்பிண்டிலின் கழுத்தே வரிவரியாகத் தேய்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி நடப்பதுதான் லாபம்.

இங்கே பேசுவது மரம் கடையும் பெரிய லேத்தைப் பற்றி. அதிலும் வார்ப்பாலைகளுக்கு மர அச்சு செய்துகொடுத்த பேட்டர்ன் லேத்தைப் பற்றி. ரயில்வே பணிமனை, கப்பல் தளம், சுரங்கம் என்று இரும்பை உருக்கி ஊற்றிய இடங்களிலெல்லாம் அச்சுக்கு மரம் கடைய ஒரு லேத்து தேவைப்பட்டது. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் ஆசாரி சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்ட தனி அளவுகோலை வைத்திருப்பார். அந்த நுணுக்கத்துக்கு ஆடாத லேத்து வேண்டும். 1897இல் லெஸ்டர் நகரில் தொடங்கிய வாட்கின் நிறுவனம் இந்த வகையில் பேர் வாங்கியது. யார்க்‌ஷயரில் ஹாரிசன் நிறுவனம் செய்த ‘கிராஜுவேட்’ கொஞ்சம் சிறியது. பிரிட்டிஷ் பள்ளிக்கூடப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக அடி வாங்கியும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய சரக்கில் பட்டாலா, ராஜ்கோட் வார்ப்புகளும் உண்டு. பெயர் எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றே: இரும்பின் கனம்.

இன்று பெட்டியில் வந்து இறங்கும் மினி லேத்து நாற்பது கிலோவைச் சுற்றி இருக்கும். அதில் கோணல்மாணலான பலாக்கட்டையை ஏற்றினால் மேசையே நடனமாடும். அதே கட்டையைப் பேட்டர்ன் லேத்தில் ஏற்றினால் அதிர்வை வார்ப்பிரும்பு விழுங்கிக்கொள்கிறது. பழைய இரும்பை வாங்குவதற்கு வலுவான காரணம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆசை.

கோலார் தங்கவயலில், குறிப்பாக நந்திதுர்க் பகுதியில், இந்த ஆசைக்கு நியாயம் இருக்கிறது. 1880இல் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த நாளிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடும்வரை, இது ஃபிட்டர்களும் டர்னர்களும் நிறைந்த ஊர். 1964இல் தொடங்கிய பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) தொழிற்சாலை இன்னொரு தலைமுறைக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஸ்பிண்டிலுக்குப் புஷ் கடைய வேண்டும், அந்தக் காலத்து விட்வொர்த் மரைக்கு நட்டு போட வேண்டும் என்று சொன்னால், பெங்களூரில் முழிப்பார்கள். இங்கே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, “விட்வொர்த்தா? ஐம்பத்தஞ்சு டிகிரி இல்ல?” என்று கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். மெட்ரிக் மரைக்கு அறுபது டிகிரி. இந்த ஐந்து டிகிரியைக் கவனிக்காமல் கையில் கிடைத்த நட்டைத் திருகி ஸ்பிண்டில் மரையைக் கெடுப்பது, பழைய லேத்துகளுக்கு அடிக்கடி நேரும் கொடுமை.

ஏற்றி இறக்கும் கட்டத்தில் அவசரம் ஆகாது. ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், மோட்டார் மூன்றையும் தனியாகக் கழற்றிய பிறகுதான் அடிச்சட்டமான பெட்டை அசைக்க வேண்டும். ஒட்டுமொத்தமாகத் தூக்கினால் தலைப்பாரம் கவிழ்த்துவிடும். செயின் பிளாக், கடப்பாரை, நாலைந்து இரும்புப் பைப் உருளைகள், அவசரப்படாத நான்கு ஆட்கள் இருந்தால் போதும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் வாசலுக்குள் இது நுழையாது, நுழைந்தாலும் வீட்டில் குடித்தனம் நடக்காது. கொல்லைப்பக்கம் தகரக் கொட்டகைதான் இதற்கு இடம்.

தரைக்கு ஆறங்குலக் கான்கிரீட்டாவது போட்டு, ரசமட்டம் வைத்து நான்கு காலுக்கும் தகடு கொடுத்து நிறுத்த வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது பெட் முறுக்கிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் இதில் கலை. ஹெட்ஸ்டாக் முனையையும் டெயில்ஸ்டாக் முனையையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு ஊசி முனைகளும் முட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் விலகினால் தகட்டை மாற்றிப் போட வேண்டும். பாறை வெடிப்பின் அதிர்ச்சியில் பாத்திரம் குலுங்கிப் பழகிய ஊர் இது. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இங்கே தொடங்கப்பட்டதும் சும்மா இல்லை. பூமி லேசாக அசைந்தது என்று தெரிந்தால் மறுநாள் முனைகளை ஒருமுறை முட்டவைத்துப் பார்ப்பது செலவில்லாத பழக்கம்.

அடுத்தது மின்சாரம். சிக்கல் மிகுந்த பகுதி இதுதான்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்த கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த மின்சாரம் 25 சைக்கிள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. இன்று வீட்டுக்கு வருவது 50. மிகப் பழைய மோட்டாரோடு சேர்த்து லேத்து கைக்கு வந்தால், நேம் பிளேட்டைத் துடைத்து அந்த எண்ணைப் படிக்காமல் ஒயரைச் செருகக் கூடாது. 25 சைக்கிளுக்குச் சுற்றிய மோட்டார் 50இல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், இழுவையும் குறையும். மெதுவேகம் 300 சுற்று என்று புல்லி கடைந்த லேத்து 600இல் பறக்கும். கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் நிற்க வேண்டும். 24 அங்குலக் கட்டைக்கு 375 சுற்றே உச்சம். அதை 600இல் ஓட்டினால் கட்டையின் விளிம்பு மணிக்கு 69 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பங்காருபேட்டை பஸ் அந்த வேகத்தில் போனால் பரவாயில்லை. உள்ளே விரிசல் இருக்கும் மரக்கட்டை போகக் கூடாது.

மோட்டார் 50 சைக்கிள்தான் என்றாலும் அது பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டில் இருப்பதோ சிங்கிள் ஃபேஸ். மின்வாரியமான பெஸ்காமிடம் இணைப்பை மாற்றி வாங்குவது ஒரு வழி. இரண்டு குதிரைத்திறன் அளவுக்கு, சைக்கிளை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவது எளிய வழி. சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாக அது கொடுக்கும். ஆனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் தகட்டை மாற்றிப் போடும் வேலைதான். மூன்று முனை மட்டும் வெளியே தெரிந்தால், காயில் கட்டுகிறவர் உள்ளே தோண்டி ஸ்டார் முடிச்சைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு முன் மெகர் வைத்துக் காயிலின் மின்காப்பைப் பார்ப்பது நல்லது. பருத்தி நூலும் வார்னிஷும் சுற்றிய பழைய காயில், வி.எஃப்.டி. அனுப்பும் மின்துடிப்பைத் தாங்காமல் பொசுங்கலாம். அப்படிப்பட்ட மோட்டாரை ஓரமாக வைத்துவிட்டுப் புது மோட்டார் போடுவதில் தப்பே இல்லை. பழமையின் மதிப்பு ஹெட்ஸ்டாக்கிலும் பெட்டிலும்தான் இருக்கிறது.

வி.எஃப்.டி. வந்ததும் பெல்ட்டையும் புல்லியையும் மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகும், சூடு ஏறும். வேகத்தைக் குறைக்க பெல்ட், நுணுக்கமாகச் சரிசெய்யக் குமிழ் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ‘கிராஜுவேட்’ லேத்தின் நான்கு படிகளான 425, 790, 1330, 2250 ஆகியவற்றோடு ஒரு குமிழும் சேர்ந்தால் எந்த வேலைக்கும் போதும். இன்னொன்று: நிறுத்தும் நேரத்தை ஒரு வினாடிக்கு வைத்தால், ஸ்பிண்டில் நின்றாலும் சக் நிற்காமல் மரையைத் தானே அவிழ்த்துக்கொண்டு மடியில் வந்து விழும். ஐந்து வினாடிக்குக் கீழே வைக்காமல் இருப்பது நல்லது. தலைகீழ் ஓட்டத்துக்கும் இதே ஆபத்து. இத்தனைக்கும் பிறகு வீட்டின் கசிவுக் காப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தால், வி.எஃப்.டி.யின் கசிவு மின்னோட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

துருவும் அழுக்கும் எடுப்பது பொறுமையான வேலை, ஆனால் கஷ்டமில்லை. சின்ன உறுப்புகளுக்குப் பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், ஒரு பிடி வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர் போதும். துருப்பிடித்த உறுப்பை நெகட்டிவில் கட்டி, பழைய இரும்புத் தகடு ஒன்றை பாசிட்டிவில் தொங்கவிட்டால், இரவோடு இரவாகத் துரு கறுப்புச் சேறாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தகடாக வைக்கக் கூடாது. குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் தொட்டி வெட்டவெளியில் இருக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் உலர்வாக எமரி தேய்த்துப் புழுதி கிளப்பாமல் நனைத்துச் சுரண்ட வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவாக மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகள். காற்று வீசும் நாளில் அந்த மாவுமண் ஜன்னல் வழியாக வந்து சோற்றுத் தட்டில் உட்காரும்போது, லேத்து பெட்டில் உட்காராதா? அதில் அரைத்த குவார்ட்ஸ் பாறை கலந்திருக்கிறது. வார்ப்பிரும்பைத் தேய்க்க அதைவிடச் சிறந்த பொடி இல்லை. பெட்டுக்கு எண்ணெய் பூசுவது பொதுவான வழக்கம். ஆனால் நந்திதுர்க்கில் எண்ணெய் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டுத் தரை மெழுகைத் தேய்ப்பது மேல், டெயில்ஸ்டாக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். வேலை முடிந்ததும் தார்ப்பாய் போடுவது கட்டாயம்.

சரி, கடைந்தால் எப்படி இருக்கிறது? சுற்றுவட்டாரத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. சீனிவாசபுரம் பக்கத்து மாந்தோப்புகளில் காய்ப்பு நின்ற மரங்கள் விறகுக்குப் போகின்றன. பச்சை மாங்கட்டையைப் பெரிய லேத்தில் ஏற்றி வளைவு உளியைச் சரியாகப் பிடித்தால், ஈரச்சுருள் தோளைத் தாண்டிப் பறக்கும். புளியங்கட்டை உளியின் கூரைத் தின்றுவிடும், ஆனால் அதன் கருஞ்சிவப்பு வைரத்துக்கு அந்தப் பாடு தகும். தைலமரம்தான் ஏமாற்றும். சுமார் 1790இல் திப்பு சுல்தானின் நந்திமலைத் தோட்டத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காலூன்றியது என்று சொல்லப்படும் இந்த மரம், இன்று கோலார் மாவட்டம் முழுக்க நிற்கிறது. வேகமாகக் காயவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். கடைசலுக்குக் கைப்பிடி, உளிப்பிடி அளவில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

லேத்தின் குணத்தைச் சோதிக்க, அரக்கு பூசிய மரப்பொம்மைக்குப் பேர்போன கர்நாடகச் சென்னபட்டணத்துக்காரர்கள் முறைதான் சிறந்த பரீட்சை. நன்கு காய்ந்த வெட்பாலைத் துண்டைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த வேண்டும். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தைப் பற்றும். பிறகு தாழை மடலை மடித்து அழுத்தி இழுத்தால், வரியில்லாமல் கண்ணாடிபோல் பரவும். ஸ்பிண்டிலில் நூலளவு ஆட்டம் இருந்தால்கூட அரக்கு திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். டயல் கேஜுக்குத் தப்பிய குறை இங்கே தப்பாது. ஆனால் ஒரு டன் லேத்தில் பம்பரமும் கிலுகிலுப்பையும் கடைவது அதற்குத் தகுந்த வேலையில்லை. உட்கார்ந்தபடி கடையும் சென்னபட்டணத்துச் சின்ன லேத்தே அதற்குச் சுளுவு. பெரிய லேத்து அருமையாக உதவுவது தூண், கட்டில் கால், பெரிய மரச்சட்டி, மேசைப் பலகை வேலைக்கு. ஹெட்ஸ்டாக்கின் வெளிப்பக்கத்திலும் ஃபேஸ்பிளேட் மாட்ட வசதியுள்ள மாடலானால், பெட்டுக்கு மேல் அடங்காத வட்டத்தையும் தனி ஸ்டாண்டில் டூல் ரெஸ்ட் வைத்துக் கடையலாம். அந்தப் பக்கத்து மரை இடது மரை என்பதை மறக்கக் கூடாது.

வாரத்துக்கு ஒரு பேனா, இரண்டு கிண்ணம் என்ற அளவில் பொழுதுபோக்க நினைப்பவருக்கு இது வேண்டாம். மினி லேத்து போதும், மின்சாரச் செலவும் இடமும் மிச்சம். தச்சுத் தொழிலை வீட்டோடு செய்ய நினைப்பவருக்கும், இரும்பைத் திறந்து பார்க்கும் ஆர்வம் உள்ளவருக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஏலத்தில் கிலோ கணக்கில் வரும் லேத்துகளுக்கு டூல் ரெஸ்ட் காணாமல் போயிருப்பது சகஜம், பற்றவைத்துச் செய்துகொள்ளலாம். இன்றைய சக்குக்குப் பழைய ஸ்பிண்டில் மரை பொருந்தாது. ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ ஒரு லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து வாங்கலாம். டெயில்ஸ்டாக் மட்டும் இல்லையென்றால், இன்னொரு லேத்தின் டெயில்ஸ்டாக்கை அடியில் கட்டை கொடுத்துப் பொருத்திவிடலாம் என்ற விற்பவரின் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது.