காலவட்டமும் மறைந்த உழைப்பும்

ஜேம்ஸ் கமரூனின் 'ரேர்மினேற்றர்' (1984) திரைப்படத்தில், 2029இலிருந்து ஜோன் கொனர் அனுப்பும் போராளியே அவனது தந்தையாகிறான். மகன் அனுப்பாவிடின் தந்தை வரான். தந்தை வராவிடின் மகனும் இலன். இதனை வெறும் தருக்கப் புதிராகக் கொள்வோர் உளர். நாம் வேறொன்றை வினவுவோம்.

இரண்டாம் படத்தில் (1991), அழிந்த எந்திரத்தின் சில்லிலிருந்தே அவ்வெந்திரங்களை ஆளும் ஸ்கைநெற் உருவாக்கப்படுகிறது. அவ்வாறாயின் அச்சில்லை முதலிற் கண்டுபிடித்தவர் யார்? எவருமிலர். மனித உழைப்பின்றித் தன்னைத் தானே ஈன்றெடுக்கும் இவ்வெந்திரம், மார்க்ஸ் விளக்கிய பண்ட மாயையின் உச்ச வடிவம் எனலாம்.

ஆயினும் சில்லை அழிக்கையில் படம் தன் வட்டத்தைத் தானே மீறுகிறது. ஸ்கைநெற் தோன்றாவிடின் தந்தை வருதற்கில்லை. மகனோ எஞ்சி நிற்கிறான். தருக்கம் பிறழும் இவ்விடத்திலேயே, வரலாறு விதியன்று, மனிதர் ஆக்குவது என்னும் உண்மை வெளிப்படுகிறது. எனினும் எந்திரத்தை உடைப்பதோடு படம் நின்றுவிடுகிறது. எந்திரம் எவருடைமை என்னும் வினா எஞ்சுகிறது.