சோடியும் குழுவும்: 'பி-1' மாதிரியுரு பற்றிய ஓர் ஆய்வு

இருவர்க்கிடையேயுள்ள உறவை எண்ணால் அளத்தல் கூடுமோ என்னும் வினா புலவர்க்கு நகையையும் கணித வல்லார்க்கு ஊக்கத்தையும் தருவதாகும். போல் கொலண்ட், சாமுவேல் லைன்காட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பி-1' என்னும் மாதிரியுரு அவ்வூக்கத்தின் பயனாகும்.

அவர்தம் முறையிலே ஆராயப்படும் அலகு தனிமனிதன் அன்று, சோடியே. இருவரும் ஒருவரையொருவர் விரும்புதல், ஒருவர் மாத்திரம் விரும்புதல், இருவரும் விரும்பாதிருத்தல் எனச் சோடியின் நிலை மூவகைப்படும். குழுவிற் பொதுவாக அமைந்த உறவுச் செறிவு, ஒவ்வொருவரும் பிறரை நாடும் இயல்பு, பிறரால் நாடப்படும் இயல்பு, விருப்பிற்கு விருப்பே கைம்மாறாதல் என்னும் நான்கும் அந்நிலைகளின் நிகழ்தகவைத் துணிவன. இதனாற் பெற்ற நன்மை சிறிதன்று. ஒரு குழுவிற் காணும் இருவழி நட்புக்கள் சிலர்க்குள்ள பொதுக் கவர்ச்சியால் விளைந்தனவோ, கைம்மாற்றால் விளைந்தனவோ எனப் பிரித்துரைக்க வழி பிறந்தது.

ஆயின், ஒரு சோடியின் நிலை மற்றொரு சோடியின் நிலையைச் சாராது என்னும் எடுகோளின்மீதே இக்கட்டடம் முழுவதும் நிற்கின்றது. இதனைச் சோதித்தற்குச் சாம்சன் என்பார் 1968 இற் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வே தக்க உரைகல். கிறித்தவ மடமொன்றிற் பயின்ற இளந் துறவிகளுள் அவர் ஆராய்ந்தோர் பதினெண்மர். அவர்களுட் சோடிகள் 153. மடத்திலே பிணக்கு மூண்டது; நால்வர் வெளியேற்றப்பட்டனர்; அதன்பின் பலர் தாமாகவே நீங்கினர். துறவிகள் பிரிந்தது சோடி சோடியாக அன்று, கட்சி கட்சியாக. நண்பனின் நண்பனை நண்பனாக்கொள்ளும் இயல்பு மூவரிடையே பிறப்பது. அதனை இருவர் கணக்கில் எங்ஙனம் தேடுவது? யேர்மானிய அறிஞர் சிம்மல், மூன்றாமவர் வருகையால் உறவின் தன்மையே மாறும் என்பதை 1908 இலேயே விளக்கியிருந்தார்.

வினாவிலும் ஒரு குறையுண்டு. மிக விரும்பும் மூவரைக் கூறுக எனின், நட்பு மிக்கானும் ஒதுங்கி வாழ்வானும் மூவரையே கூறுவர். அவ்விடத்தே 'பிறரை நாடும் இயல்பு' என்னும் அளவு வினாத்தாளை அளப்பதன்றி மனிதனை அளப்பதன்று. கூறப்படாத நாலாமவன் வெறுக்கப்பட்டவனும் அல்லன்.

1986 இற் பிராங்க், ஸ்ட்ரவுஸ் என்போர் பொதுவாக ஒருவரைக் கொண்ட உறவுகள் ஒன்றையொன்று சாரலாம் என இடமளித்து, முக்கோண நட்புக்களையும் கணக்கிற் சேர்த்தனர். அம்முறையிலோ, எல்லாரும் எல்லாரோடும் நட்பு அல்லது எவர்க்கும் எவரோடும் நட்பின்மை என்னும் இரு கோடிகளுக்குக் கணக்குச் சாய்தலுண்டு. உண்மை மடம் எதுவும் அங்ஙனம் இருந்ததில்லை. பி-1 அத்தகைய விபரீதத்திற்கு இலக்காவதில்லை. மூன்றாமவரைக் காண மறுத்தே அந்த நிதானத்தை அது பெற்றது.