சான்றிதழுக்கு முன் சிகிச்சை

வடலூரில் ஒரு குழந்தை பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருக்குமோ என்ற சந்தேகம் வீட்டாருக்கு வந்தால், அவர்கள் ஏறி இறங்க வேண்டிய படிகள் கொஞ்சமல்ல. பக்கத்தில் இருப்பது குறிஞ்சிப்பாடி அரசு மருத்துவமனை. புகார் என்றால் மகளிர் காவல் நிலையம். முழுப் பரிசோதனை என்றால் கடலூர் தலைமை மருத்துவமனை, இல்லையேல் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறகு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், குழந்தைகள் நலக் குழு, கடைசியில் கடலூர் நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த நீண்ட வழியில் மருத்துவமனை எதற்காக இருக்கிறது? குழந்தைக்குச் சிகிச்சை தர என்கிறது சட்டம். வழக்குக்குச் சான்றிதழ் தர என்று நினைக்கிறது நடைமுறை. அந்தச் சேவையின் பெரும்பாலான குறைகள் இந்த ஒரு முரணிலிருந்து கிளைத்தவை என்பதே என் வாதம்.

சட்டத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே பரிசோதனை நடக்கலாம் என்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூடவே இருக்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்தக் காகிதத்தையும் கேட்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357சி பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும், மத்திய அரசுடையதோ மாநில அரசுடையதோ தனியாருடையதோ, எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கின்றன. வடலூரை அடுத்த நெய்வேலி வட்டாரத்துக்கு இது முக்கியம். அங்குள்ள நிலக்கரி நிறுவனத்தின் டவுன்ஷிப் மருத்துவமனை நிரந்தரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உரியது, நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒப்பந்தத் தொழிலாளி தயங்கலாம். இந்த விஷயத்தில் சட்டம் அந்தத் தயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. 1867 முதல் வடலூர் தருமச்சாலையில் பசியோடு வந்து உட்கார்ந்தவரிடம் ஊரும் பேரும் கேட்டு இலை போடுவதில்லை. கேஷுவாலிட்டியிலும் சட்டம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

ஆனால் கேஷுவாலிட்டி வாசலில் முதல் கேள்வி ‘போலீஸ் மெமோ இருக்கா?’ என்பதாகவே பல ஊர்களில் நீடிக்கிறது. இதனால் இழப்பது என்ன என்று கணக்குப் பார்க்கலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வந்த குழந்தைக்குத் திங்கள் காலை பத்து மணிக்கு மெமோ வந்தால், அந்த அவகாசத்தில் சரிபாதி போய்விட்டது. உடலிலிருந்து தடயம் எடுக்க ஏறத்தாழ 96 மணி நேரமே உண்டு. குளித்து உடை மாற்றினால் அதுவும் குறையும். காகிதத்துக்காகக் காத்திருப்பதால் காகிதம் கேட்கிற வழக்கும் பலவீனமாகிறது.

இதைவிட ஆழமான தவறு, பரிசோதனையின் முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. ‘வெளிக்காயம் ஏதும் இல்லை’ என்று எழுதியதைப் படித்ததும், அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லை என்று குடும்பம் நினைக்கிறது. சில நேரம் விசாரணை அதிகாரியும் நினைக்கிறார். உலக ஆய்வுகள் இதற்கு நேர்மாறானதைச் சொல்கின்றன. வன்முறை நடந்தது சட்டப்படி உறுதியான 236 குழந்தைகளை ஜாய்ஸ் ஆடம்ஸ் குழுவினர் ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவே, இயல்பான உடல்நிலைதான் வழக்கமானது என்பது. 2002இல் 2,384 குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில், வன்முறையைச் சுட்டும் அடையாளம் தெரிந்தது சுமார் 4 விழுக்காட்டினரிடம்தான். கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களைப் பரிசோதித்து 2004இல் வெளியான ஆய்வில், உடலில் உறுதியான அடையாளம் இருந்தது இருவருக்கு மட்டும். காரணம் எளிது: பிறப்புறுப்புத் திசு சில நாளில் ஆறிவிடும், குழந்தையோ மாதங்கள் கழித்துத்தான் வாய் திறக்கும். மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வின்படி குற்றமிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். தெரிந்தவரைப் பற்றிச் சொல்லக் குழந்தைக்கு நாளாகும். தவிர, பாலியல் நோக்கத்தோடு ஆடைமேல் தொடுவதும் குற்றமே என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அந்தக் குற்றத்தில் மருத்துவர் கண்ணுக்குத் தெரிய என்ன இருக்கும்?

உடலையே சாட்சியாக்கும் இந்த மனப்போக்கின் கொடிய வடிவம், பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவரா என்று அறிய நடத்தப்படும் இருவிரல் பரிசோதனை. உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி விலக்கியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தடைசெய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டித்தது. ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்ததே அந்தப் பழக்கம் எவ்வளவு வேரோடியது என்பதற்குச் சான்று.

உடலில் தெரிவதை அளவுக்கு மீறி நம்பினால் எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 1987இல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் இரு குழந்தை மருத்துவர்கள், பெரும்பாலும் ஒரே ஓர் உடல் அறிகுறியை நம்பி, சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக முடிவு செய்தனர். பல குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர். பிறகு பெரும்பாலோர் வீடு திரும்பினர். விசாரித்த பட்லர்-ஸ்லாஸ் அறிக்கை, சான்றுக்காக மட்டும் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கக் கூடாது என்றது. காயம் இல்லாததால் பொய் என்பதும், அறிகுறி இருப்பதால் உண்மை என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

அப்படியானால் பரிசோதனையே எதற்கு என்று கேட்கலாம். வேண்டும், அவசியம் வேண்டும். 96 மணி நேரத்துக்குள் வந்தால் தடயம் கிடைக்கலாம். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே மருத்துவர் எழுதிவைத்தால், அது உடல் அடையாளத்தைவிட வலுவான பதிவு. நோய்த்தடுப்பு, கருத்தடை, கர்ப்பச் சோதனை எல்லாம் அங்கேதான் தொடங்கும். இவற்றைவிடப் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. தன் உடம்பு கெட்டுவிட்டது என்று பயந்து வரும் குழந்தையிடம் ‘உனக்கு ஒண்ணும் ஆகலம்மா, நல்லா இருக்கே’ என்று ஒரு மருத்துவர் சொல்வது சிகிச்சை. அதே பரிசோதனையைச் சான்றிதழுக்காகச் செய்தால், அதே முடிவு குழந்தைக்கு எதிரான ஆயுதமாகிறது. சின்னக் குழந்தையை அம்மா மடியிலேயே உட்காரவைத்துப் பார்க்கலாம். 12 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதத்தைத்தான் கேட்க வேண்டும், அது மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 2014 வழிகாட்டி சொல்கிறது. இவற்றுக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

குழந்தையின் சொல்லுக்கு முதலிடம் தந்தால் பொய்ப் புகார்கள் பெருகும் என்பது அடுத்த மறுப்பு. சொத்துத் தகராறிலும் பெற்றோர் பிரிவிலும் குழந்தையைப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. அதற்கு மருந்து உடற்பரிசோதனை அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர், வழிநடத்தும் கேள்விகள் இல்லாமல், ஒரே முறை நிதானமாகக் கேட்பதுதான். அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் 1985இல் தொடங்கிய மையமும், 1998இல் ஐஸ்லாந்து தொடங்கிய குழந்தைகள் இல்லமும் செய்வது இதுவே: காவலரும் மருத்துவரும் சமூகப் பணியாளரும் குழந்தை இருக்குமிடத்துக்கு வருகிறார்கள், குழந்தை அவர்களைத் தேடி அலைவதில்லை.

எனக்கு முழுவிடை தெரியாத மறுப்பு ஒன்று உண்டு. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி குற்றம் தெரியவந்த மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவில் தண்டனை. குழந்தையைப் பாதுகாக்கவே வந்த இந்தக் கட்டாயம், சிலரை மருத்துவமனைப் பக்கமே வராமல் செய்கிறது. காதலித்துக் கர்ப்பமான 17 வயதுப் பெண், காதலன் சிறைக்குப் போவான் என்று பயந்து போலி மருத்துவரிடம் போகிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்து, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. அது நல்ல திருத்தம், ஆனால் பாதிவழிதான். வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமையில் கட்டாயத் தகவல் இல்லையென்றால் குழந்தைக்கு வேறு கதி இல்லை. ஆகவே கட்டாயம் நீடிக்கட்டும். தகவல் போன அடுத்த கணம் குழந்தைக்குத் துணை வந்து நிற்கட்டும்.

துணை என்பது சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். இதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது ஏன் அவசியம் என்பதைக் கடலூர் மாவட்டமே காட்டியிருக்கிறது. திட்டக்குடியில் இரண்டு பள்ளி மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு 2014இல் தொடங்கியது. கடலூர் மகளிர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2019 ஜனவரியில். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று போக்சோவின் 35ஆம் பிரிவு சொல்லும் நாட்டில் இது நடந்தது. தண்டனை கிடைத்தது, நல்லது. ஆனால் ஒரு சிறுமிக்கு அந்த ஆண்டுகள் பள்ளிப் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதும். அவ்வளவு காலம் கூட நிற்க வேண்டியவர் மருத்துவரோ காவலரோ அல்ல, ஆதரவு நபர்.

இந்தச் சேவையின் சட்டம் நல்லது, வரிசை தவறு என்பதே என் தீர்ப்பு. குறிஞ்சிப்பாடி போன்ற வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் கதவு உள்ள ஓர் அறை, இரவிலும் அழைத்தால் வரும் பெண் மருத்துவர், எடுத்துக்கொடுக்கத் தயாராக முதல்நாள் மாத்திரைகள், சுவரில் ஆதரவு நபரின் தொலைபேசி எண், இவ்வளவையும் சுகாதாரத் துறை உறுதி செய்ய வேண்டும். பெற்றோர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல், எந்த மருத்துவமனைக்கும் நேரே போகலாம்; மெமோ கேட்டால், சட்டப்படி அது தேவையில்லை என்று சொல்லலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.