எழுத்தின் உருவமும் பெரகலச் சந்தியும்

எழுத்துச் சீர்திருத்தம் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் அச்சுக்கூடத்தின் வசதியையும் எழுத்துகளின் எண்ணிக்கையையுமே பேசுவர். எழுத்து கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பது அவர்தம் ஆய்வில் இடம்பெறுவது அரிது. இக்குறையை உணர்த்தப் பெரகலச் சந்தியே போதுமானது. அங்கிருந்து மேலேறும் பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கிச் செல்கிறது. மூன்று பெயர்களும் 'ளை' என்றே முடிகின்றன. பாதையோரத் தேயிலையும் தொழிற்சாலையும் 'லை' என முடிவன.

ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னர் யானைத் துதிக்கை போன்ற வளைவொன்றைத் தாங்கியிருந்தன. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கைக்கொண்டதும், 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றதுமான சீர்திருத்தம் அவ்வளைவை நீக்கி, ஏனைய எழுத்துகளுக்குரிய ஐகாரக் குறியையே இவற்றுக்கும் அளித்தது. இலங்கையிலும் இன்று அதுவே வழக்கு. இதனால் அழகு கெட்டது என்பாரின் வாதம் வலுவற்றது. 'மலை' என எழுதத் தோட்டப் பள்ளிச் சிறுவன் விதிவிலக்கொன்றை மனனஞ்செய்ய வேண்டியதில்லையே. ஆயினும், துதிக்கை எழுத்தோடு ஒட்டி நின்றது. இன்றைய குறியோ தனித்து நின்று இடங்கேட்கிறது. சிங்களத்தில் நான்கெழுத்தில் அடங்கும் ஹப்புத்தளை, வல்லோசையைக் காக்க ஒற்றிரட்டுவதால், தமிழில் ஆறெழுத்தாகிறது. இரு மொழிக்கும் ஒரே அகலத்தை அளந்து கொடுத்தால் நெரிபடுவது தமிழே. சம அங்குலம் சம இடமாகாது என்பதை மொழியுரிமை பேசுவோரும் போதியளவு கவனித்திலர்.

'பெரகல' என்னும் பெயரில் துதிக்கைக்கு இடமில்லை. ஆனால் அதன் முதலெழுத்தாகிய 'பெ'யின் கொம்பு தமிழில் இடப்புறம் நிற்பதுபோலவே சிங்களத்திலும் நிற்கிறது. அங்கும் அதன் பெயர் 'கொம்புவ'.