வால் முளைத்த விண்மீன் திரள்

ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களில் எனக்கு அலுக்காதது இ.எஸ்.ஓ. 137-001. சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவில், நார்மா என்னும் விண்மீன் திரள் கொத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கும் சுருள் திரள் அது. அதன் வட்டிலிருந்து நீல இழைகள் பின்னோக்கி நீள்கின்றன. இத்தகையவற்றுக்கு வானியலாளர்கள் வைத்த செல்லப் பெயர், ஜெல்லிமீன் திரள்கள்.

கொத்தில் திரள்களுக்கு இடைப்பட்ட வெளி காலியானதல்ல. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு பரவிக் கிடக்கிறது. மிக மிக மெலிந்த வாயுதான். ஆனால் திரள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரையும்போது அதுவே எதிர்க்காற்றாகிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 1972இல் வானியலாளர்கள் கன், காட் இருவரும் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: இந்த அழுத்தம் திரளின் ஈர்ப்புப் பிடியை மிஞ்சும் இடத்தில் வாயு கழன்றுவிடும். களத்தில் தூற்றும்போது பதர் பறக்க, நெல் நிற்பதுபோல, வாயு போகிறது. செறிவான விண்மீன்கள் இடம் பெயர்வதில்லை.

நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரில் இ.எஸ்.ஓ. 137-001-ஐப் பார்த்தபோது, அதிலிருந்து கழன்ற வாயுவின் வால் இரண்டரை லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீண்டிருந்தது. பறிபோன வாயுவிலும் ஆங்காங்கே புது விண்மீன்கள் பிறக்கின்றன என்பதுதான் வியப்பு. படத்தின் நீலம் அவற்றுடையது.

தாய்த் திரளுக்கோ அது இழப்பு. மூலப்பொருள் தீர்ந்தால் அங்கே பிறப்பு நிற்கும். ஆயுள் குறைந்த நீல விண்மீன்கள் முதலில் மடியும். கொத்துகளில் சிவந்த, முதிர்ந்த திரள்கள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.