காணாதபோதும் இருக்கும் மேசை

மெய்ம்மை என்பது மனித அறிவைச் சார்ந்ததா, சாராததா? 1930 ஜூலை 14 அன்று, பெர்லினை அடுத்த காபுத் என்னும் சிற்றூரில், ஐன்ஸ்டீனின் இல்லத்தில், தாகூர் அவருடன் வாதித்தது இதனைத்தான். அவ்வுரையாடல் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் 1931 ஜனவரியில் வெளிவந்தது.

வீட்டில் ஒருவருமில்லாதபோதும் மேசை தன் இடத்தில் இருக்கும் என்றார் ஐன்ஸ்டீன். தனிமனித மனத்துக்கு வெளியே இருக்கலாம். பேருள்ளத்துக்கு வெளியே இராது என்றார் தாகூர். நெய்வேலிவாசிகளான நமக்கு ஐன்ஸ்டீன் கட்சி எளிதில் விளங்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அன்றுதான் அது உண்டாயிற்று என்று எவரும் சொல்லார். தாகூரும் அவ்வாறு சொல்லவில்லை. பொருள் நமக்குப் பொருளாவது மனித அறிவின் வழியே என்பது அவர் வாதத்தின் வலிமை. நிறுவ வேண்டிய பேருள்ளத்தையே சான்றாக அழைப்பது அதன் குறை. ஐன்ஸ்டீனோ, தம் கொள்கையை நிறுவ இயலாது, அது தம் நம்பிக்கை என்று ஒப்புக்கொண்டார்.

பின்வந்தோர் சிலர், அணுவினும் நுண்ணியவற்றை ஆராயும் குவாண்டம் இயலைக் காட்டித் தாகூரே வென்றார் என்றனர். 1977-இல் நோபல் பரிசு பெற்ற இலியா பிரிகோஜினும் அறிவியல் தாகூர் சொன்ன திசையிலேயே செல்கிறது என்றார். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. நீல்ஸ் போர் வலியுறுத்தியது கருவியால் அளக்கும் சூழலையே. காண்பவரின் உள்ளத்தை அன்று. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு என்று கொண்டே 1952-இல் டேவிட் போம் கணக்கை நடத்திக் காட்டினார். அளவையின் விளைவுகள் யாவுமே கிளைகிளையாக நிகழ்கின்றன என்றார் 1957-இல் எவரெட். ஆய்வுக்கூடத்து அளவுகளுக்கோ மூவர் விளக்கமும் ஒத்தே வருகின்றன. ஜான் பெல் 1964-இல் வகுத்த சோதனையைச் செய்து காட்டிய மூவர்க்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. தொலைவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று பாதியாமல், தத்தம் விடைகளை முன்னரே தாங்கியுள்ளன என்னும் கொள்கைதான் அதனால் வீழ்ந்தது. மேசை வீழவில்லை.

நம் மேடைகளிலும் இவ்வவசரம் உண்டு. நெருப்பு பஞ்சை எரிப்பது கட்டாயத்தால் அன்று, இறைவன் ஏற்படுத்திய வழமையால் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் எழுதியதைக் காட்டி, குவாண்டத்தை அன்றே சொல்லிவிட்டார்கள் என்பர். இமாமவர்கள் பேசியது காரண காரியத்தின் கட்டாயம் பற்றியும் இறைவனின் ஆற்றல் பற்றியும். அதற்கு அளவைக் கருவியின் சான்று வேண்டியதில்லை. அறிஞர்களிடையே இன்னும் தீராத வழக்கின்மேல் ஈமானைச் சாய்த்துவைத்தால், நாளை அவ்வழக்கு மாறும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்வோம்?

ஆதலின் காபுத் உரையாடலை இளைஞர் கையில் கொடுப்போர், வென்றவர் யார் என்று கேளாமல், இருவரும் எதை நிறுவினர், எதை நம்பினர் என்று பிரித்தறியச் சொல்வார்களாக.